ஆடிக் கடல் ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது? கரைக்கடலும் ஆழ்கடலும் கலப்பது பற்றி ஒரு சந்தேகம்

பதிவு 1 | முட்டத்துப் பேத்தி | செவ்வாய், இரவு 9.40

போன வாரம் ஊருக்குப் போயிருந்தோம். முட்டம் பக்கம்தான் அம்மா வீடு. வெயில் சுள்ளென்று அடித்தது, மணலில் கால் வைக்க முடியவில்லை. பையன் தண்ணீரைப் பார்த்து ஓடினான். கணுக்கால் நனைந்ததும் கத்திக்கொண்டே திரும்பி வந்துவிட்டான். ஃப்ரிட்ஜ் தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். நானும் இறங்கிப் பார்த்தேன், அவன் சொன்னது பொய்யில்லை. சித்திரையில் இதே இடத்தில் வெதுவெதுவென்று இருந்தது.

சித்தப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். "ஆடியில கீழ்த்தண்ணி ஏறும். நெத்திலி வரும், அடியில கிடக்கிற மீன் ஓடிரும்" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார். என் சந்தேகம் இதுதான்: கடல் முழுக்க ஒரே தண்ணீர்தானே? எப்போதும் கலந்துகொண்டேதானே இருக்கும்? அப்படியிருக்க, வருடத்தில் சில மாதம் மட்டும் கீழே இருந்து ஏறுவது எப்படி?

பதிவு 2 | கலக்கல் குமார் | செவ்வாய், இரவு 9.52

இதற்கு ஒரு இழையா அக்கா? கேரளாவில் மழை கொட்டுகிறது, அந்தத் தண்ணீர் கடலில் வந்து விழுகிறது, குளிர்கிறது. முடிந்தது.

பதிவு 3 | முட்டத்துப் பேத்தி | செவ்வாய், இரவு 9.58

வாயில் பட்டதே, உப்புக் கரித்தது தம்பி. மழைத்தண்ணீர் இல்லை.

பதிவு 4 | பழைய கப்பல்காரன் | செவ்வாய், இரவு 11.15

ஆய்வுக் கப்பல்களில் கருவி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விஞ்ஞானி இல்லை, அவர்களுக்குக் கயிறு பிடித்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மா கேட்டதில் முதல் பாதியைத் திருத்த வேண்டும். கரைக்கடலும் ஆழ்கடலும் அவ்வளவு சுலபமாகக் கலப்பதில்லை. கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிப் போகும் மேடைதான் கண்டத்திட்டு. ஏறக்குறைய 100 முதல் 200 மீட்டர் ஆழம் வரை இப்படிப் போய், அதற்கப்புறம் கண்டச்சரிவில் சடாரென்று ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடும். அந்த விளிம்பில் சுவர் எதுவும் இல்லை. ஆனாலும் தண்ணீர் அதைக் குறுக்கே தாண்டத் தயங்கும்.

காரணம் பூமி சுழல்வது. சுழலும் தொட்டியில் இருக்கும் தண்ணீர் மேலிருந்து கீழ் வரை ஒரு கம்பம் மாதிரி விறைப்பாக நகரப் பார்க்கும். 1920-களில் ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதைச் சோதித்தே காட்டினார். தொட்டியைச் சுழலவிட்டு, அடியில் ஒரு சின்ன மேட்டை மெதுவாக நகர்த்தினார். மேட்டைச் சுற்றிக்கொண்டு போனது அடித்தண்ணீர் மட்டுமல்ல, அதற்கு நேர் மேலே இருந்த தண்ணீரும்தான். காலி இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தூண் நிற்பது போல. கடலிலும் அதே கதை. 1000 மீட்டர் உயரக் கம்பம் 100 மீட்டர் மேடைக்கு ஏற வேண்டுமானால் நசுங்கியாக வேண்டும். அதற்கு அது சம்மதிக்காது. அதே ஆழத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாக ஓடிவிடும்.

தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏழாவது படியிலேயே குளத்தைச் சுற்றி வருகிறார், ஆறுக்கு ஏறுவதும் இல்லை, எட்டுக்கு இறங்குவதும் இல்லை. கடல் நீரோட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான். படி மாறுவதற்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டும்.

அந்தச் சாக்குகளில் பெரியது காற்று. 1893-ல் ஃப்ராம் கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு நார்வேக்காரர் நான்சன் மிதந்து போனாரே, அப்போது பனிக்கட்டிகள் காற்று வீசும் திசையில் போகாமல் வலப்பக்கம் 20 முதல் 40 டிகிரி விலகிப் போவதைக் கண்டார். எக்மன் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி 1905-ல் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். வடகோளத்தில் காற்று இழுக்கும் மேல்தண்ணீர், மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், காற்றுக்கு வலப்பக்கம் செங்குத்தாக நகரும்.

இப்போது முட்டம் கடற்கரையில் கன்னியாகுமரியைப் பார்த்து நில்லுங்கள். ஆடிக்காற்று முதுகில் அடிக்கும். வலது கை எங்கே இருக்கிறது? கடல் பக்கம். மேல்தண்ணீர் அந்தப் பக்கம்தான் தள்ளப்படுகிறது. கரையோரம் காலியாகும் இடத்தை நிரப்ப மேலிருந்து எதுவும் வர முடியாது, கீழே இருந்துதான் ஏறும். உங்கள் பையன் காலில் பட்டது அதுதான்.

பதிவு 5 | கலக்கல் குமார் | செவ்வாய், இரவு 11.31

எழுந்து நின்று கையை நீட்டிப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மழை வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பதிவு 6 | இயற்பியல் வாத்தி | புதன், காலை 6.20

கப்பல்காரர் ஐயா சொன்னதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று என்று வையுங்கள். அது கடலை இழுக்கும் விசை சதுர மீட்டருக்குச் சுமார் 0.1 நியூட்டன். முட்டம் அட்சரேகை 8 டிகிரி. எக்மன் சூத்திரத்தில் போட்டால் கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் நொடிக்கு 4.8 கன மீட்டர் தண்ணீர் வெளியே போகிறது.

சின்னதாகத் தெரிகிறதா? குமரி மாவட்டக் கடற்கரை சுமார் 72 கிலோமீட்டர். மொத்தம் நொடிக்குச் சுமார் 3.5 லட்சம் கன மீட்டர். நம் கணக்கில் 1.2 கோடி கன அடி! மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டிஎம்சி. அந்த அளவு தண்ணீர் 2 மணி 10 நிமிடத்தில் போய்விடும். காவிரியில் ஒரு லட்சம் கன அடி திறந்தாலே நமக்குத் தலைப்புச் செய்தி.

இன்னொன்று. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே வர வர பூமிச் சுழற்சியின் பிடி தளரும். அதே காற்றுக்குச் சென்னையை விடக் குமரியில் தண்ணீர் அதிகம் நகரும். ஆனால் அந்த வலப்பக்கத் திருப்பம் முழுதாக நிலைகொள்ள நேரமும் அதிகம் பிடிக்கும். சென்னை அட்சரேகையில் அந்தத் திருப்பம் ஒரு சுற்று முடிய 53 மணி நேரம் என்றால் முட்டத்தில் மூன்றரை நாளுக்கு மேல். அதாவது ஒரு நாள் காற்று அடித்து நின்றுவிட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. விடாமல் அடிக்க வேண்டும். ஆனி ஆடிக் காற்று அப்படித்தானே அடிக்கிறது?

பதிவு 7 | கலக்கல் குமார் | புதன், காலை 8.05

வாத்தியாரே, அப்படியானால் கண்டத்திட்டுத் தண்ணீர் முழுக்க எத்தனை நாளில் மாறும்?

பதிவு 8 | இயற்பியல் வாத்தி | புதன், காலை 8.40

50 கிலோமீட்டர் அகலம், சராசரி 50 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 6 நாள். காகிதத்தில்.

பதிவு 9 | கலக்கல் குமார் | புதன், காலை 8.44

அட! அப்போது கடலில் எந்தக் கழிவைக் கொட்டினாலும் ஆறே நாளில் ஆழ்கடலுக்குப் போய்விடும். கொட்டக் கூடாது என்று இவ்வளவு போராட்டம் எதற்கு?

பதிவு 10 | தங்கல் வள்ளம் | புதன், பிற்பகல் 2.10

குமார் தம்பி, கொஞ்சம் பொறுங்க.

எனக்குக் குளச்சல். பதினைந்து வருடமாகத் தங்கல் தொழில், பத்து இருபது நாள் கடலில்தான் கிடப்போம். வாத்தியார் கணக்கு தப்பென்று சொல்லவில்லை. ஆனால் கடலில் கிடந்து பார்த்தால் தண்ணீர் அப்படிக் கரையிலிருந்து நேராக வெளியே போவது தெரியாது. எங்களுக்குத் தெரிவது நீவாடு, அதாவது நீரோட்டம். அது கரையோடு கரையாகத்தான் இழுக்கும். வாநீவாடு, சோநீவாடு என்று பெயர் வைத்திருப்பதே வடக்கிலிருந்து வருகிறதா, தெற்கிலிருந்து வருகிறதா என்று பார்த்துத்தான். வலை விட்டு விடிய வாங்கப் போனால் வள்ளம் கரைக்கு அதே தூரத்தில், ஊர் மட்டும் மாறியிருக்கும். கப்பல்காரர் சொன்ன தெப்பக்குளப் படி சரியாகப் பொருந்துகிறது.

இன்னொரு விஷயம் இடிக்கிறது. காற்று பிடிப்பதற்கு முன்பே சில வருடம் அடித்தண்ணீர் குளிர ஆரம்பித்துவிடும். தூண்டில் கயிறு மேலே வரும்போது கையில் தெரியும். சில வருடம் காற்று பேய் மாதிரி அடிக்கும், தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. காற்று மட்டும்தான் காரணம் என்றால் இது எப்படி?

பதிவு 11 | பழைய கப்பல்காரன் | புதன், மாலை 5.30

தங்கல் வள்ளம் தம்பி கையில் தெர்மாமீட்டர் இல்லாமலே பிடித்துவிட்டார். நான் நேற்று காற்றோடு நிறுத்தியது அரைகுறைதான்.

1971-லிருந்து 1975 வரை கொச்சியை மையமாக வைத்து ஐ.நா. உதவியோடு ஒரு மீன்வளத் திட்டம் நடந்தது. கப்பல்களின் பெயரே சார்டினெல்லா, ராஸ்ட்ரெல்லிகர். சாளைக்கும் அயிலைக்கும் உள்ள அறிவியல் பெயர்களை அப்படியே வைத்துவிட்டார்கள். தென்மேற்குக் கரையில் திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் போய் அளந்ததில் தெரிந்தது இது: ஆழத்தில் இருக்கும் குளிர்ந்த அடுக்கு பருவக்காற்றுக்கு வெகு முன்பே சரிவில் ஏறத் தொடங்குகிறது. மேலே எட்டிப் பார்ப்பதுதான் ஆனிக்கு.

அதற்கு விளக்கம் 1990-களில் கிடைத்தது. மெக்ரியரி, கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஷெட்யே, சங்கர் போன்றவர்கள் கணினி மாதிரிகளில் காட்டினார்கள். வங்காள விரிகுடாவில் வீசும் காற்றும் நிலநடுக்கோட்டுக் காற்றும் கெல்வின் அலைகளைக் கிளப்பிவிடுகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் அலைகள் அல்ல. மேலே கடல் மட்டம் ஒரு சாண் கூட மாறாது, ஆனால் அடியில் குளிர்ந்த அடுக்கு பல மீட்டர் ஏறி இறங்கும். வடகோளத்தில் இந்த அலை கரையை வலது கையில் பிடித்துக்கொண்டேதான் போகும். அதனால் சுமத்ராவிலிருந்து கிளம்பி, மியான்மர், வங்கதேசம், ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு என்று வந்து, இலங்கையைச் சுற்றி, குமரி முனையில் திரும்பி, கேரளக் கரையில் மேலே போகும். நாளுக்கு 200 கிலோமீட்டர் போல வேகம். ஒரு மாதத்துக்குள் அந்தக் கோடியில் நடந்த சேதி இங்கே வந்துவிடும்.

ஆக, முட்டத்தில் தண்ணீர் குளிர்வதற்கு முட்டத்துக் காற்று பாதிக் காரணம், எங்கேயோ அடித்த காற்று மீதிக் காரணம். அடுக்கை அலை முன்கூட்டியே உயர்த்தி வைத்திருந்தால் கொஞ்சம் காற்று போதும். அமுக்கி வைத்திருந்தால் பேய்க்காற்றும் பலிக்காது.

பதிவு 12 | நீர்கொழும்பான் | புதன், இரவு 7.20

இலங்கையைச் சுற்றி எண்டு சொன்னதால நானும் வாறன். தென்மேற்குப் பருவத்தில எங்கட தெற்குக் கரையிலயும் இதே மாதிரி குளிர்ந்த தண்ணி மேல வரும். அதுக்குப் பிறகு நடக்கிறதுதான் விசேஷம். கோடைப் பருவ நீரோட்டம் மேற்கில இருந்து வந்து, இலங்கைக்குத் தெற்கால போய், வளைஞ்சு வங்காள விரிகுடாவுக்குள்ள ஏறும். செய்மதிப் படத்தில பார்த்தால் கரையோரத்தில முளைச்ச பச்சை அப்பிடியே ஒரு வால் மாதிரி ஆழ்கடலுக்குள்ள இழுபட்டுப் போறது தெரியும். பெங்களூர்க் கடலியல் ஆய்வாளர் விநயச்சந்திரன் ஆக்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கினம். கரைக்கடல் ஆழ்கடலுக்குச் சாப்பாடு அனுப்புற வழி இது.

குமார் தம்பிக்கு ஒரு சொல்லு. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியில எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சது ஞாபகம் இருக்கா? அதில இருந்த பிளாஸ்டிக் மணிகள் ஆழ்கடலுக்கு எங்க போனது? மூட்டை மூட்டையா எங்கட கரையில வந்து குவிஞ்சது. மணலோட கலந்து கிடந்ததை நானும் அரிதட்டில சலிச்சு அள்ளினனான். மாதக் கணக்கில முடியேல்லை.

பதிவு 13 | கலக்கல் குமார் | புதன், இரவு 7.41

அது மிதக்கிற பொருள் அண்ணை. கரையைப் பார்த்து அடிக்கிற காற்றும் அலையும் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். தண்ணீரில் கரைகிறது வேறுதானே?

பதிவு 14 | இயற்பியல் வாத்தி | புதன், இரவு 9.00

நல்ல கேள்வி, உண்மையாகவே. ஆனால் 6 நாள் என்ற என் கணக்கை நானே உடைக்கிறேன். அது கரை ஒரே நேர்கோடு, காற்று எங்கும் ஒரே மாதிரி, போன தண்ணீர் திரும்பி வரவே வராது என்று நினைத்துப் போட்டது. நிஜத்தில் விளிம்பு வரை போன தண்ணீரில் ஒரு பங்கு சுழல்களில் மாட்டி வேறொரு ஊர்க் கரைக்கே திரும்பும். காற்று நகர்த்துவது மேலே சில பத்து மீட்டரைத்தான். அதற்குக் கீழே இருப்பது உள்ளே வரும் தண்ணீர். அடியில் படிந்தது எதுவோ அது வெளியே போவதற்குப் பதில் கரையை நோக்கி வரும்! அப்புறம் இதெல்லாம் ஆனி முதல் புரட்டாசி வரை குமரி, கேரளப் பக்கத்துக் கதை. வருடம் முழுக்க, எல்லாக் கரைக்கும் இதையே போட்டுப் பார்க்கக் கூடாது. குழாய் போட்டுக் கடலில் கழிவைக் கொட்டுகிறவர்கள் என் பதிவை எடுத்துக் காட்டிவிடாதீர்கள்.

பதிவு 15 | கொடி பறக்குது | புதன், இரவு 9.25

குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடி மேடை இருக்கிறதே, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் நமக்கு உரிமை கிடைத்த இடம். அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? கச்சத்தீவைக் கொடுத்து இதை வாங்கியது சரியா என்று

[நெறியாளர்: மீதியை நீக்கியிருக்கிறேன். ஒப்பந்த அரசியலுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. இங்கே தண்ணீர் மட்டும்.]

பதிவு 16 | தங்கல் வள்ளம் | வியாழன், காலை 5.15

அரசியல் வேண்டாம், ஆனால் அந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். கண்டத்திட்டு அங்கே தெற்கே மூக்கு மாதிரி நீண்டிருக்கும். பார் (கடலடிப் பாறை) நிறைய உண்டு. ஒரு பக்கம் அரபிக்கடல், ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. விளிம்புக்குப் போனால் தண்ணீரின் நிறம் மாறுகிற கோடு தெரியும், நுரையும் சருகும் அந்தக் கோட்டில் சேர்ந்து கிடக்கும். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கறுநீலம். சூரை அந்தக் கோட்டை ஒட்டித்தான் மேயும். இப்போது போனில் மீன் இருக்கும் இடம் என்று ஹைதராபாத்திலிருந்து படம் வருகிறதே, அதிலும் அப்படிக் கோடு கோடாகத்தான் போட்டிருக்கும்.

சரி, பேத்தி அக்காவின் சித்தப்பா சொன்ன அடுத்த பாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அடியில் கிடக்கிற மீன் ஏன் ஓடுகிறது? குளிர்கிறதாலா?

பதிவு 17 | பழைய கப்பல்காரன் | வியாழன், காலை 10.45

குளிரால் அல்ல, மூச்சு முட்டுவதால்.

அந்தக் கோடு பற்றி முதலில். ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் காட்டும் மேல்தண்ணீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துத்தான் அதைப் போடுகிறது. இரண்டு தண்ணீர் சந்திக்கும் வரப்பு அது. வரப்பில்தான் இரை சேரும். ஆனால் செயற்கைக்கோள் மேல்தோலைத்தான் பார்க்கும். உள்ளே அளக்க உலகம் முழுக்க ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன, 2000 மீட்டர் வரை முங்கிப் பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வருபவை. அவை கண்டத்திட்டில் ஏறினால் தரை தட்டிவிடும். ஆக, விளிம்பைத் தாண்டி என்ன நடக்கிறது என்று பார்க்கப் பெரும்பாலும் இன்னமும் கப்பலில் போய் நாங்கள் கயிறு இறக்கிய மாதிரிதான் இறக்க வேண்டும்.

இப்போது மூச்சு. அரபிக்கடலில் ஏறக்குறைய 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை ஆக்ஸிஜன் மிகக் குறைந்த ஒரு பெரிய அடுக்கு இருக்கிறது. மேலே செத்து விழுவதெல்லாம் அங்கே அழுகி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். ஆடியில் சரிவில் ஏறி வருவது அதன் மேல்விளிம்புத் தண்ணீர். அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய, ஆக்ஸிஜன் கொஞ்சம். மேலே வெளிச்சத்துக்கு வந்ததும் உரம் போட்ட வயல் மாதிரி நுண்பாசி மண்டும். சாளைக்கும் நெத்திலிக்கும் விருந்து. ஆனால் அதே தண்ணீர் தரையில் படரும்போது அங்கே இருக்கும் மீனுக்கும் நண்டுக்கும் மூச்சு போதாது. கார்ல் பான்ஸே என்ற ஜெர்மானியர் கொச்சிப் பக்கம் இதைக் கவனித்து 1959-ல் எழுதினார். இந்தத் தண்ணீர் ஏறியிருக்கும் மாதங்களில் அடிமடி (கடல் தரையை இழுத்துப் பிடிக்கும் வலை) போட்டால் ஒன்றும் வராது, மீன் இடத்தைக் காலி செய்திருக்கும் என்று. உங்கள் சித்தப்பா அதையே ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

வடக்கே போகப் போக இன்னும் மோசம். கோவா, கர்நாடகக் கரையில் மழையும் ஆறும் கொட்டும் நன்னீர் மெல்லிய மூடி மாதிரி மேலே படிந்துவிடும். (குமாரின் மழை கடைசியில் கதைக்குள் வந்துவிட்டது.) மூடிக்குக் கீழே காற்றுப் புகாது, மண்டிய பாசி விழுந்து அழுகும், மிச்ச ஆக்ஸிஜனும் போய்விடும். செப்டம்பர், அக்டோபரில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வரை போகும். கோவாவுக்கு வெளியே காண்டோலிம் பக்கம் 27 மீட்டர் ஆழத்தில் ஒரே இடத்தில் பல வருடம் அளந்திருக்கிறார்கள். நக்வி குழுவினர் 2000-ல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான். இந்த நிலை முற்றி வருகிறது, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடும் நிறைய வெளியேறுகிறது என்று காட்டினார்கள். கரையில் விழும் உரம் ஒரு பங்கு இதற்குக் காரணம். ஆனால் அடித்தளம் போடுவது ஆழ்கடலிலிருந்து ஏறும் தண்ணீர்தான்.

பதிவு 18 | கலக்கல் குமார் | வியாழன், காலை 11.02

அப்போது கீழ்த்தண்ணி நிறைய ஏறினால் சாளை நிறையக் கிடைக்கும், அவ்வளவுதானே? சந்தையில் விலை குறையுமா என்று சொல்லுங்கள்.

பதிவு 19 | பழைய கப்பல்காரன் | வியாழன், காலை 11.40

அப்படி நேர்க்கணக்கு இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். கேரளத்தில் 2012-ல் சாளை நாலு லட்சம் டன்னை ஒட்டிக் கிடைத்தது. 2021-ல் சுமார் 3300 டன். ஆடிக்காற்று அந்த வருடங்களில் நூறில் ஒரு பங்காகவா ஆகிவிட்டது? குஞ்சுகளைப் பிடித்தது, எல் நினோ, கடல் சூடாவது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். உரம் போட்டால் மட்டும் விளைந்துவிடாது.

பதிவு 20 | கடலூர் சிப்பி | வியாழன், பிற்பகல் 1.30

கிழக்குக் கரைக்காரர்களை மறந்துவிட்டீர்கள். புதுச்சேரி, கடலூருக்கு வெளியே கண்டத்திட்டை வெட்டிக்கொண்டு கடலடிப் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, பாலாற்றுக்கு நேராகவும் ஒன்று. தெப்பக்குளப் படியில் விரிசல் விட்ட இடம் என்று வைத்துக்கொள்ளலாமா? தண்ணீர் அங்கே சுலபமாக ஏறி இறங்குமா?

பதிவு 21 | பழைய கப்பல்காரன் | வியாழன், பிற்பகல் 2.05

ஆமாம். பள்ளத்தாக்கு குறுகலாக இருந்தால் படியைப் பிடித்துக்கொண்டு வரும் தண்ணீர் திரும்ப முடியாமல் குறுக்கே பாயும். வண்டலுக்கும் அதுவே வழி. வங்கதேசத்துக்குத் தெற்கே 'ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட்' என்று ஒரு பெரும்பள்ளம் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் மண்ணில் கணிசமான பங்கு அதன் வழியே இறங்கித்தான் வங்காள விரிகுடாவின் அடியில் இலங்கையையும் தாண்டிப் பரந்து கிடக்கிறது. விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன், பேரன் பள்ளியிலிருந்து வரும் நேரம்.

பதிவு 22 | முட்டத்துப் பேத்தி | ஞாயிறு, இரவு 8.15

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. பையனுக்கு இழையை வாசித்துக் காட்டினேன், தெப்பக்குளமும் மேட்டூர் அணையும் பிடித்துப்போய்விட்டன.

ஊரில் தம்பியிடம் சொல்லி மீன்தொட்டி தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்தோம். காலை ஆறு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அளந்து அனுப்புகிறான். வியாழன் 24 டிகிரி, வெள்ளி 24, சனி 24.5. வெள்ளிக்கிழமையிலிருந்து காற்று நின்றுவிட்டதாம், ஆனாலும் வெப்பம் பெரிதாக ஏறவில்லை. தங்கல் வள்ளம் அண்ணா சொன்ன மாதிரி ஏதோ வேறு கையும் இருக்கிறது போல. இன்று அளவு இல்லை. பாறையில் கால் வழுக்கித் தெர்மாமீட்டர் போய்விட்டது. சித்தப்பா, "அடுத்தது வாங்குனா கயிறு கட்டி இறக்குங்கல" என்றாராம்.

பதிவு 23 | தங்கல் வள்ளம் | ஞாயிறு, இரவு 9.30

அக்கா, புதிதாக வாங்கினால் என்னிடம் ஒன்று கொடுத்துவிடச் சொல்லுங்கள். புதன்கிழமை போகிறோம். கயிற்றில் கட்டி ஐம்பது பாகத்தில் (சுமார் 90 மீட்டர்) இறக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பதிவு 24 | பழைய கப்பல்காரன் | ஞாயிறு, இரவு 9.48

தம்பி, கண்ணாடித் தெர்மாமீட்டரை அந்த ஆழத்துக்கு இறக்கினால் அழுத்தத்தில் தப்பு காட்டும், உடைந்தாலும் உடையும். மேலே இழுப்பதற்குள் அளவும் மாறிவிடும். மூடி போட்ட புட்டியில் அங்கிருந்தே தண்ணீரைப் பிடித்து மேலே கொண்டுவந்து அளக்க வேண்டும். சைக்கிள் டியூபும் இரண்டு ரப்பர் மூடியும் இருந்தால் செய்துவிடலாம். தனி மடலில் படம் வரைந்து அனுப்புகிறேன்.